மலிவாக வாங்கப்பட்ட பெடியன்கள்: பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் யாரை, எப்படித் தேடுகின்றன?

பாரிஸ் நகருக்கு வடக்கே சார்செல் என்றொரு புறநகர் இருக்கிறது. லாச்சப்பலுக்குப் போய் வந்தவர்களுக்கும், அந்தப் பக்கம் மாமா, சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாராவது இருக்கிறவர்களுக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. அடுக்குமாடிகளும், விடியமுன் வேலைக்கு ரயில் ஏறுகிற குடியேறிகளும் நிறைந்த இடம். 1991 இல் அங்கே ஒரு அல்ஜீரியத் தகப்பனுக்குப் பிறந்த ரியாட் மஹ்ரெஸ் என்ற ஒல்லிப் பெடியன், 22 வயது வரைக்கும் பிரான்சின் இரண்டாம் பிரிவைத் தாண்டவில்லை. 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிற்றி, அவரை லு ஹாவ்ர் கழகத்திடமிருந்து சுமார் நான்கரை இலட்சம் பவுணுக்கு வாங்கியது. 2018 இல் அதே வீரரை மான்செஸ்டர் சிற்றிக்கு விற்ற விலை சுமார் 60 மில்லியன் பவுண். நூற்று முப்பது மடங்குக்கும் மேல்.

அந்த நாலரை வருடத்தில் மஹ்ரெஸ் நூற்று முப்பது மடங்கு நல்ல வீரராகிவிடவில்லை. முன்னேறினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் விலை ஏறியதன் பெரும்பங்கு, அவரை யார் பார்த்தார்கள், எந்த மைதானத்தில் வைத்துப் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில், எது செய்தியாகிறது, எது செய்தியாகாமலே போய்விடுகிறது என்பதை ஒரு முழுத் தவணை படித்தோம். உதைபந்தாட்டக் கழகங்கள் ஆள் தேடுகிற விதத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மலிவான வீரர் என்று ஒருவர் இல்லை. யாரும் பார்க்காத வீரர் இருக்கிறார், எல்லோரும் பார்த்தும் பிழையாக எடைபோட்ட வீரர் இருக்கிறார். பணக்காரக் கழகங்களின் இலாபம் இந்த இரண்டு இடைவெளிகளுக்குள்ளேதான் கிடக்கிறது.

முதலில் பார்க்கப்படாதவர்களின் கதை. லெஸ்டருக்காக ஆள் தேடியவர் ஸ்டீவ் வோல்ஷ். லு ஹாவ்ர் அணியில் அவர்களுடைய கவனம் முதலில் வேறொரு வீரர் மீதுதான் இருந்தது. போன இடத்தில் கண்ணில் பட்டவர் மஹ்ரெஸ். லெஸ்டர் என்ற பெயரைக் கேட்டபோது அது றக்பிக் கழகம் என்று நினைத்ததாக மஹ்ரெஸே பின்னர் சொல்லியிருக்கிறார். இத்தகைய ஆள் தேடுபவர்களை 'ஸ்கவுட்' என்பார்கள். முன்பெல்லாம் இது முழுக்கக் காலால் நடந்து செய்கிற வேலை. மழையில் சிறு மைதானங்களின் ஓரத்தில் நின்று, கொப்பியில் குறித்து, பெற்றோருடன் கதைத்து, அடுத்த மைதானத்துக்குப் போவது. இன்றும் அந்த வேலை நின்றுபோகவில்லை. போவதற்கு முன்னால் எங்கே போவது என்று முடிவெடுக்கும் முறைதான் மாறியிருக்கிறது.

எடை பிழைத்தவர்களுக்கு எங்கோலோ கான்ரேயை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மாலியிலிருந்து வந்த பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்தவர். 19 வயது வரை சுரேன் என்ற புறநகரின் சிறு கழகமொன்றில்தான் விளையாடினார். பெரிய அக்கடமிகளுக்கு அவர் மிகவும் குள்ளம். பிறகு புலோன், அதன் பின் 2013 இல் கான். 2014-15 பருவகாலத்தில் பிரான்சின் முதற்பிரிவில் எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தவர்களின் கணக்கில் கான்ரே முன்னணியில் நின்றார். கோல் அடிக்கிறவனைத் தொலைக்காட்சி பத்துத் தரம் திருப்பிக் காட்டும். பந்தைப் பறித்துப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறவனை யாரும் திருப்பிக் காட்டுவதில்லை. ஆனால் எண்கள் அவரைக் காட்டின. லெஸ்டரின் முகாமையாளர் கிளவுடியோ ரனியேரி உயரத்தைப் பார்த்துத் தயங்கியதாகவும், வோல்ஷ் விடாமல் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் பின்னர் எழுதினார்கள். 2015 இல் சுமார் 5.6 மில்லியன் பவுணுக்கு வந்தார். அந்தப் பருவகாலத் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் கொடுத்த லெஸ்டர், 2016 இல் இங்கிலாந்தின் சம்பியன் ஆனது. அடுத்த மாதங்களிலேயே செல்சீ கான்ரேயைச் சுமார் 32 மில்லியனுக்கு வாங்கியது. 2018 இல் உலகக்கிண்ணமும் அவர் கையில்.

உடலைப் பார்த்து ஏமாறுவது ஒரு தனிப்பட்ட பயிற்றுநரின் பிழை மட்டுமல்ல, முறைமைக்குள்ளேயே இருக்கிற பிழை. இங்கிலாந்தில் சிறுவர்களின் வயதுப் பிரிவு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து கணக்கிடப்படுகிறது. செப்டெம்பரில் பிறந்தவனும் அடுத்த ஓகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினொரு மாதம் என்பது சின்ன வித்தியாசமில்லை. முன்னவன் உயரமாக, பலமாக, வேகமாக இருப்பான். ஸ்கவுட்டின் கண் அவனில் விழும். அவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கும், அதனால் மேலும் நல்லவனாவான். அக்கடமிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளில், பல விளையாட்டுகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஹரி கேன் பிறந்தது ஜூலை 28. ஆர்சனல் அவரை எட்டு, ஒன்பது வயதிலேயே அனுப்பிவிட்டது. பின்னர் அதே நகரின் எதிரிக் கழகமான டொட்டன்ஹாமுக்காக அவர் அடித்த கோல்களை ஆர்சனல் ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஸ்கொட்லாந்தின் அன்ட்ரூ ரொபேர்ட்சனை செல்டிக் 15 வயதில் சிறியவன் என்று விட்டது. அவர் குவீன்ஸ் பார்க் என்ற அமெச்சூர் கழகத்தில் விளையாடி, டண்டீ யுனைட்டட், ஹல் சிற்றி வழியாக 2017 இல் 8 மில்லியன் பவுணுக்கு லிவர்பூலுக்கு வந்தார். இரண்டு வருடத்தில் ஐரோப்பிய சம்பியன்.

இதைக் கண்டு சில அக்கடமிகள் இப்போது பிறந்த திகதியை விட்டு, உடல் வளர்ச்சியின் படியை வைத்துச் சிறுவர்களைப் பிரித்து விளையாட விடுகின்றன. எங்கள் பாடசாலைகளிலும் 'இவன் கட்டை, அடுத்த முறை பார்ப்பம்' என்று ஓரத்தில் இருத்தப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பயிற்றுநர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இனி எண்களின் விடயம். இங்கிலாந்தில் இந்த வழியை ஆழமாகத் தோண்டிய இரண்டு கழகங்கள் பிரைட்டனும் பிரென்ட்ஃபோர்ட்டும். இரண்டின் வளர்ச்சிக்கும் பின்னால் இருந்தவர்கள் பந்தயக் கணக்கில் பணம் சம்பாதித்தவர்கள்: பிரைட்டனில் டோனி புளூம், பிரென்ட்ஃபோர்ட்டில் மத்தியூ பென்ஹாம். பென்ஹாம் ஒரு காலத்தில் புளூமிடம் வேலை செய்தவர். பந்தயக்காரனுக்குத் தெரிந்த ஒரு விடயம், எல்லோரும் நம்புகிற விலைக்கும் உண்மையான வாய்ப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் காசு இருக்கிறது என்பது. அதையே அவர்கள் வீரர் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

உதாரணத்துக்கு, ஒருவன் ஒரு பருவகாலத்தில் எத்தனை கோல் அடித்தான் என்பதை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. ஒவ்வொரு உதையும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது, அப்படியான உதைகள் வழமையாக நூற்றுக்கு எத்தனை கோலாகின்றன என்று கூட்டுகிறார்கள். பத்துக் கோலுக்கான வாய்ப்புகளை உருவாக்கிவிட்டு நான்கு மட்டும் அடித்தவனைச் சந்தை மலிவாக மதிக்கும். ஆனால் அடுத்த வருடம் அந்த எண் ஏறுவதற்கான சாத்தியம் அதிகம். அதோடு ஈக்குவடோர் லீக்கில் ஒருவன் செய்வது இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் எதற்குச் சமம் என்று லீக்குகளையே ஒன்றோடொன்று எடைபோடுகிறார்கள். வைஸ்கவுட் போன்ற சேவைகள் உலகின் நூற்றுக்கணக்கான போட்டிகளின் காணொளிகளை வைத்திருக்கின்றன. லண்டன் அறையிலிருந்து கீட்டோ நகரின் ஆட்டத்தைப் பார்க்கலாம். எண் வடிகட்டும், காணொளி உறுதிப்படுத்தும், அதன் பிறகுதான் ஆள் விமானம் ஏறுவார்.

மொய்சஸ் கைசெடோவின் கதை இந்த வழியில்தான் நடந்தது. ஈக்குவடோரின் சாந்தோ டொமிங்கோ என்ற ஊரில், பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். இன்டிபென்டியென்ட்டே டெல் வாயே என்ற கழகம் அவரை வளர்த்தது. கீட்டோவுக்கு அருகேயுள்ள இந்தக் கழகம், வறிய பகுதிகளின் சிறுவர்களைத் தேடி எடுத்துப் பயிற்சியும் படிப்பும் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறது. 2021 பெப்ரவரியில் பிரைட்டன் அவரைச் சுமார் நாலரை மில்லியன் பவுணுக்கு வாங்கியது. கைசெடோவின் பெயர் அதற்கு முன்னரே பல பெரிய கழகங்களின் பட்டியலில் இருந்தது. ஆனால் ஒரு முடிவை எடுத்துக் காசைக் கொடுத்தது பிரைட்டன். பெல்ஜியத்தின் பீர்ஸ்கொட் கழகத்துக்கு இரவலாக அனுப்பி, அரைப் பருவகாலத்தில் திருப்பி அழைத்து, 2022 வசந்தத்தில் களமிறக்கியது. 2023 ஓகஸ்டில் செல்சீ கொடுத்த தொகை 100 மில்லியன் பவுண், மேலதிகக் கொடுப்பனவுகளுடன் 115 வரை போகக்கூடியது.

ஜப்பானின் கௌரு மிதோமாவுக்கும் கிட்டத்தட்ட இதே வழிதான். இங்கிலாந்தின் வேலை அனுமதி உடனே கிடைக்காததால், புளூமுக்குப் பங்கு உள்ள பெல்ஜியக் கழகமொன்றில் ஒரு வருடம் வைத்திருந்து எடுத்தார்கள். ஒரே முதலாளி பல நாடுகளில் கழகங்களை வைத்திருப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. வீரரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருக்கலாம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பெடியனுக்குப் படிப்படியாக ஏற வசதி கிடைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் எந்தப் படியில் எவ்வளவு காலம் நிற்பது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை.

பிரென்ட்ஃபோர்ட் இன்னொரு காரியம் செய்தது. தாங்கள் வளர்க்கும் நல்ல பெடியன்களைப் பெரிய கழகங்கள் 16 வயதில் சொற்பத் தொகைக்குக் கொண்டுபோவதைக் கண்டு, 2016 இல் தன் அக்கடமியையே மூடிவிட்டது. பதிலுக்கு, பெரிய அக்கடமிகள் 17, 18 வயதில் வேண்டாம் என்று அனுப்புகிறவர்களை எடுத்து ஒரு இரண்டாம் அணியை அமைத்தது. 2022 இல்தான் அக்கடமியை மீண்டும் தொடங்கினார்கள். கீழ்ப் பிரிவுகளையும் விடாமல் தேடினார்கள். 2017 இல் எக்ஸிட்டர் சிற்றியிடமிருந்து ஒல்லி வொட்கின்ஸை 1.8 மில்லியனுக்கு வாங்கி, 2020 இல் அஸ்டன் வில்லாவுக்கு 28 மில்லியனுக்கு விற்றார்கள். எக்ஸிட்டர் ரசிகர்களே உரிமையாளர்களாக இருக்கும் சிறு கழகம். ஆனால் அவர்கள் ஏமாளிகள் இல்லை. விற்கும்போதே, இவன் பிறகு விற்கப்பட்டால் இலாபத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆள் தெரிவானபின் நடப்பது அலுப்பான வேலை. காயங்களின் வரலாறு, குடும்பம், பழைய பயிற்றுநர்களின் வாய்மொழி, முகவருடன் பேரம், வைத்தியப் பரிசோதனை. தோற்றுக்கொண்டிருக்கும் போட்டியில் ஒருவன் எப்படி ஓடுகிறான் என்பதையும் பார்ப்பார்கள்.

இனிச் சொல்லப்போவது எங்கள் பெற்றோர்களுக்கு நேரடியாகத் தேவையான பகுதி. பீபாவின் விதிகளின் 19 ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்த வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு: பெற்றோர் உதைபந்தாட்டம் அல்லாத காரணத்துக்காக இடம்பெயர்ந்திருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது தாண்டியிருந்தால், எல்லையை அண்டி வாழ்ந்தால், உயிராபத்துக்குத் தப்பி அகதியாக வந்திருந்தால். இந்த விதி ஏட்டில் மட்டும் கிடப்பதல்ல. இதை மீறியதற்காக பார்சிலோனா 2014 இலும், றியல் மட்றிட்டும் அட்லெட்டிக்கோவும் 2016 இலும், செல்சீ 2019 இலும் புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை பெற்றன.

அல்போன்சோ டேவிஸுக்கே காத்திருக்க வேண்டியிருந்தது. லைபீரிய உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிய பெற்றோருக்கு, 2000 ஆம் ஆண்டு கானா நாட்டின் புடுபுரம் அகதி முகாமில் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் குடும்பம் கனடாவுக்குப் போய், பின்னர் எட்மன்டனில் குடியேறியது. பதிவுக்கட்டணமும் சப்பாத்தும் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்காக அங்கே பாடசாலை விட்டபின் நடந்த ஓர் இலவச லீக்கில்தான் அவரது திறமை வெளியே தெரிந்தது. எனக்கு அவரது கதையில் பிடித்த இடம் இதுதான். முதல் கண் பெரிய கழகத்துடையது இல்லை, போக்குவரத்துக்கும் சேர்த்து ஒழுங்குசெய்த ஒரு சிறு முயற்சியினுடையது. வன்கூவர் அணிக்காக 15 வயதிலேயே விளையாடினார். 2018 ஜூலையில் ஜேர்மனியின் பயர்ன் மியூனிக் 22 மில்லியன் டொலர் வரை போகக்கூடிய தொகைக்கு அவரை வாங்க இணங்கியது. ஆனால் அவருக்கு 18 வயது நிரம்பியது நவம்பரில். 2019 ஜனவரியில்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். உலகின் மிகப் பலம்வாய்ந்த கழகங்களில் ஒன்றுக்கே அதுதான் விதி.

ஆகவே 15 வயதுப் பெடியனை ஐரோப்பியக் கழகத்தில் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால்? கிளிநொச்சிப் பக்கம் ஒரு தகப்பன் என்னிடம் தன் தொலைபேசியைக் காட்டினார். மகனின் காணொளியை முகநூலில் பார்த்ததாகச் சொல்லும் 'ஏஜென்ட்' ஒருவர், போர்த்துக்கலில் தெரிவுப் பரீட்சைக்கு எட்டு இலட்சம் ரூபா முற்பணம் கேட்டிருந்தார். கழகத்தின் சின்னம் பதித்த கடிதமும் இருந்தது. "தம்பி, உண்மையா இருக்குமோ? காணியை ஈடு வைக்கலாம் எண்டு யோசிக்கிறன். பெடியன் சாப்பிடாமல் கிடக்கிறான்" என்றார். கப்பல் ஏற்றி விடுகிறோம் என்று வந்தவர்களிடம் கொடுத்த காசை எங்கள் ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. இது அதே வியாபாரம், சட்டை மட்டும் வேறு. உண்மையில் ஒருவனை விரும்புகிற கழகம் அவனது பெற்றோரிடம் காசு கேட்பதில்லை, அதுவே செலவழிக்கும். முகவராக வேலை செய்பவரிடம் பீபாவின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியலை பீபாவின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஏமாந்தவர்களின் கதைகள் நிறைய இருக்கின்றன. 2015 இல், லைபீரியா உட்பட மேற்கு ஆபிரிக்க நாடுகளின் சிறுவர்கள், அக்கடமி என்று நம்பி லாவோஸ் வரை கொண்டுபோகப்பட்டு, ஒரே இடத்தில் தரையில் படுத்திருந்ததை பிபிசி வெளிக்கொணர்ந்தது. 2023 ஜூனில் போர்த்துக்கலின் வடக்கே அக்கடமி என்ற பெயரில் இயங்கிய ஓர் இடத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை அதிகாரிகள் மீட்டனர். தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, ஆசியா என்று பல இடத்துப் பெடியன்கள், பெரும்பாலோர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள்.

சட்டப்படி ஊருக்குத் திரும்பி வரக்கூடிய காசும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் கழகங்களில் கதைப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விற்கப்படும்போது, அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரிக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வரையான ஒவ்வொரு வருடத்துக்கும் மொத்தத் தொகையில் 0.25 வீதம், 16 இலிருந்து வருடத்துக்கு 0.5 வீதம். 2020 இலிருந்து, ஒரே நாட்டுக்குள் நடக்கும் விற்பனையிலும் பயிற்றிய கழகம் வெளிநாட்டில் இருந்தால் அதற்குப் பங்கு உண்டு. 100 மில்லியன் பவுணுக்கு விற்கப்படும் ஒருவனை 13 வயதில் ஒரேயொரு வருடம் வைத்திருந்த கழகத்துக்கு இரண்டரை இலட்சம் பவுண் சேரும். எங்கள் காசில் சுமார் பத்துக் கோடி ரூபா.

ஆனால் நீண்ட காலம் இந்தக் காசின் பெரும்பகுதி போய்ச் சேரவில்லை. வருடத்துக்குச் சுமார் 400 மில்லியன் டொலர் பிரிக்கப்பட வேண்டிய இடத்தில் 70, 80 மில்லியன்தான் கைமாறுகிறது என்று பீபாவே சொன்னது. சிறு கழகங்களுக்கு விதி தெரியாது, தெரிந்தாலும் ஆவணம் இருக்காது. 2022 நவம்பரில் இதற்கென ஒரு தீர்வகத்தை பீபா தொடங்கியது. வீரர் எந்த வருடம் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தார் என்ற இலத்திரனியல் கடவுச்சீட்டை வைத்து, கேட்காமலே பங்கைக் கணக்கிடுவதுதான் நோக்கம். பதிவில் இல்லாத கழகத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இங்கிருந்து நேரே ஐரோப்பாவின் உச்சிக்கு ஒருவன் போவது நாளைக்கு நடக்கும் காரியமல்ல. 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை இலங்கையையே பீபா இடைநிறுத்தி வைத்திருந்தது. வேல்ஸில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன், லிவர்பூல் அக்கடமியில் வளர்ந்து, 2024 இல் பார்ன்ஸ்லியின் முதல் அணிக்காக விளையாடியபோது, இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டத்தில் முதல் தமிழர் என்று ஊடகங்கள் எழுதின. அவர் அங்கேயே பிறந்தவர். ஆனால் எங்கள் குடும்பங்கள் இன்னும் புறப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. 13, 14 வயதில் தாய் தகப்பனுடன் பிரான்சுக்கோ கனடாவுக்கோ போகிற பிள்ளைகள், அதுவரை முல்லைத்தீவிலோ மன்னாரிலோ ஒரு கழகத்துக்கு விளையாடியிருப்பார்கள். அவர்களில் ஒருவன் அங்கே ஆளாகி விற்கப்பட்டால், இங்கேயிருந்த இரண்டு வருடங்களும் கணக்கில் வரும், அவன் சங்கத்தில் பதிவாகியிருந்தால் மட்டும்.

எங்கள் ஊர்க் கழகத்தில் 2009 க்கு முந்திய பதிவுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்வில் போன பல பொருட்களுடன் அதுவும் போனது. அதற்குப் பிந்தியவற்றைப் புரட்டினேன். சுற்றுப்போட்டிகளுக்குக் கொடுத்த பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. சிலவற்றில் முழுப்பெயர் இல்லை, பலவற்றில் பிறந்த திகதி இல்லை. 15 வயதுக்குக் குறைந்தவர்களைத் தேசிய சங்கத்தில் பதிவதே வழக்கமில்லை. செயலாளரிடம் கேட்டேன். பெரியவர்களின் அணியைப் பதிவதற்கே மூன்று முறை அலைந்ததாகச் சொன்னார். இந்த வருடம் பன்னிரண்டு வயதுப் பெடியன்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் போன அன்று பதினேழு வந்திருந்தது.